தனி டிசைனர் ஸ்டுடியோவில் தைப்பது: எதற்குத் தகும், எங்கே சறுக்கும்

பெருநகரத்தில் சிறு டிசைனர்களுக்குப் பஞ்சமில்லை. வார இறுதிச் சந்தையில் ஒரு மேசை, பலருடைய உடைகளைச் சேர்த்து விற்கும் கடையில் ஒரு ஸ்டாண்ட், இரண்டு மெஷின் போட்ட மாடி அறை, இவை எதுவும் இல்லாமல் வெறும் இன்ஸ்டாகிராம் பக்கம் என்று பல வடிவில் இருக்கிறார்கள். இவற்றில் பணத்தையும் நேரத்தையும் போடத் தகுந்தது அந்த மாடி அறைதான். அங்கே உங்கள் அளவுக்கு வெட்டித் தைத்துத் தரும் சேவையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். மற்றவை எல்லாம் அந்த அறை வரை உங்களைக் கொண்டுபோய் விடும் வழிகள்.

காரணம் எளிது. சிறு டிசைனர் துணி வாங்குவது சில பத்து மீட்டர்தான். பெரிய நிறுவனத்தின் விலையில் அவருக்குத் துணி கிடைக்காது, பட்டனும் ஜிப்பும் கிடைக்காது. அவர் ஜெயிக்கக்கூடிய ஒரே இடம் வெட்டு. ஆயத்த உடை நிறுவனம் ஒரு சாம்பிள் உடம்புக்குப் பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான காகித அச்சு) போட்டு, அதையே கூட்டிக் குறைத்து எல்லாச் சைசும் எடுக்கிறது. ஒரு சைஸ் ஏறும்போது மார்புச் சுற்று 4–5 செ.மீ. கூடினால் தோள் அகலம் ஒன்று அல்லது ஒன்றரை செ.மீ.தான் கூட வேண்டும். இந்த விகிதம் உங்கள் உடம்புக்கு ஒத்துவராவிட்டால் எந்தச் சைஸை எடுத்தாலும் ஏதோ ஓர் இடம் தொங்கும் அல்லது பிடிக்கும். அதைச் சரிசெய்து தரத்தான் தனி டிசைனருக்குக் கூடுதல் பணம்.

அதனால் ஸ்டுடியோவில் தைக்க வேண்டியவை வெட்டு பேசுகிற உடைகள்: பேன்ட், கோட், காலர் சட்டை, இடுப்பில் உட்காரும் ஸ்கர்ட், தோளில் நிற்கும் கவுன். டி-ஷர்ட்டை அங்கே வாங்க வேண்டாம். பின்னல் துணியின் ஓரத்தை மடித்துத் தைக்கக் கவர்ஸ்டிட்ச் மெஷின் வேண்டும்; பல சிறு ஸ்டுடியோக்களில் சாதா மெஷினும், ஓரம் பிசிறாமல் தைக்கும் ஓவர்லாக்கும்தான் இருக்கும். சாதாத் தையல் இழுபடாது என்பதால் கழுத்தை இழுத்துப் போடும்போது நூல் அறுந்துவிடும். மழைக்கோட்டும் அப்படித்தான், தையலின் மேல் சூட்டில் டேப் ஒட்டாவிட்டால் ஊசித் துளை வழியே தண்ணீர் இறங்கும். இவற்றையே தொழிலாக வைத்திருப்பவர் என்றால் வேறு விஷயம்.

டிசைனரைத் தேடும் முன் அலமாரியைத் திறக்க வேண்டும். யோசிக்காமல் கை போகிற நான்கைந்து உடைகளை எடுத்து, கட்டிலில் சுருக்கமில்லாமல் விரித்து, டேப்பால் அளந்து செ.மீ.யில் எழுதுங்கள். தோள் அகலம், அக்குளுக்கு அக்குள் அகலம், கை நீளம், பின்கழுத்திலிருந்து அடி ஓரம் வரை உயரம் போதும். பேன்ட் என்றால் இடுப்பு, முன்பக்க உயரம், தொடை அகலம், கால் வாய். இரண்டு மூன்று எண்கள் திரும்பத் திரும்ப வரும். சட்டை எப்போதும் இடுப்பெலும்பிலேயே முடியும், கழுத்து எப்போதும் அகலமாக இருக்கும், துணி ஒருபோதும் கனமாக இருக்காது. உங்கள் ஸ்டைல் ஏற்கெனவே அந்தத் தாளில் இருக்கிறது. இன்டர்நெட்டில் சேமித்த நூறு படங்களைவிட அந்த ஒரு தாள் ஒரு நல்ல டிசைனருக்கு அதிகம் சொல்லும். படங்களில் இருப்பது வேறொருவர் உடம்பு. படம் எடுக்கும்போது முதுகுப் பக்கம் கிளிப் போட்டுப் பிடித்திருப்பதும் தொழிலில் சகஜம். ஒதுக்கிவைத்த உடை ஒன்றையும் எடுத்துப் போங்கள். ஏன் போடுவதில்லை என்று அதைக் காட்டிச் சொன்னால் பேச்சு பாதியாகக் குறையும்.

எங்கே தேடுவது? ஃபேஷன் கல்லூரிகளின் இறுதியாண்டுக் கண்காட்சி நல்ல தொடக்கம். ஸ்டுடியோக்கள் பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் நாட்களும் அப்படியே. அதிகம் பேர் முயலாத வழி ஒன்று உண்டு: மொத்த விலைப் பட்டன், லேஸ், லைனிங் விற்கும் கடைகள். சின்ன அளவில் நல்ல சாமான் கேட்டு அடிக்கடி வருபவர் யார் என்று அங்கே தெரிந்திருக்கும். ஆல்டரேஷன் தையல்காரர்களைக் கேட்டாலும் பிரயோஜனம் உண்டு. யாருடைய உடை பிரித்துப் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, யாருடையது உள்ளே பிசிறாக இருக்கிறது என்று அவர்கள் கைக்குத் தெரியும். மேடை நாடகங்களுக்கு உடை தைப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். விதவிதமான உடம்புகளுக்கு, அவசரத்தில், அசைந்தால் கிழியாத உடை தைத்துப் பழகியவர்கள் அவர்கள்.

இன்ஸ்டாகிராமில் கண்ட பெயர் என்றால் முதலில் படத்தைத் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். அதே படம் பத்து விற்பனைப் பக்கங்களில் இருந்தால் அவர் டிசைனர் அல்ல, வாங்கி விற்பவர். படம் சொந்தமாக இருந்தால், உடையை உள்பக்கம் திருப்பி ஒரு படம் கேளுங்கள். தயங்காமல் அனுப்புகிறவரிடம் மட்டும் மேலே பேசலாம்.

சந்தை மேசை வாங்கும் இடமாக எனக்குப் பரிந்துரைக்க முடியாதது: போட்டுப் பார்க்க இடமில்லை, மஞ்சள் பல்பில் நிறம் பொய் சொல்லும். ஆனால் ஒருவரின் கைவேலையைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. உடையைக் கையில் எடுத்ததும் உள்பக்கம் திருப்புங்கள். ஓரங்கள் முழுக்க உள்ளே மூடிய பிரெஞ்சு சீம் தையலைக் கண்டால் பலர் அங்கேயே மயங்கிவிடுகிறார்கள். மெல்லிய சட்டைக்கு அது அருமை. ஆனால் அந்தத் தையலுக்காக, தையலுக்கு உள்ளே விடும் துணியை அரை செ.மீ.க்கும் குறைவாக வெட்டிவிடுவார்கள். நாளை உடம்பு கொஞ்சம் பெருத்தால் பிரித்து விட எதுவும் இருக்காது. கோட்டிலும் பேன்ட்டிலும் எதிர்பார்க்க வேண்டியது வேறு: பக்கத்தையலிலும் பின் நடுத்தையலிலும் 2–2.5 செ.மீ. துணி உள்ளே விட்டு, விரித்து இஸ்திரி போட்டிருக்க வேண்டும். இருபதாயிரம் பேருக்குத் தைக்கிற நிறுவனம் இந்தத் துணியை மிச்சம் பிடிக்கும். ஒருவருக்காகத் தைக்கிறவர் அப்படிச் செய்தால் அவர் உங்களைப் பற்றி யோசிக்கவில்லை.

அடுத்தது தையல் நெருக்கம். சட்டையில் ஒரு செ.மீ.க்கு 5 தையலாவது வேண்டும். நல்ல சட்டையில் 7 வரை போகும். மூன்றுக்கு இறங்கினால் அவசர வேலை. பட்டு, சாட்டின் போன்ற வழுக்குத் துணியில் பக்கத்தையலின் இருபுறமும் கட்டைவிரல் வைத்து மெதுவாக இழுங்கள். தையல் ஓரத்தில் நூல் விலகி ஏணிபோல் இடைவெளி தெரிந்தால், இடுப்பிலும் முதுகிலும் ஒரு மாதத்தில் அது பிளந்துகொள்ளும்.

காலரை விரலால் நீவிப் பாருங்கள். சிறு ஸ்டுடியோவில் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். காலருக்குள் வைக்கும் ஒட்டும் கேன்வாஸ் சீராகப் பிடிக்க, மொத்தப் பரப்புக்கும் ஒரே சூடு, ஒரே அழுத்தம், ஒரே நேரம் வேண்டும். பிரஸ் மெஷினில் அது கிடைக்கும். கை இஸ்திரியை நகர்த்தி நகர்த்தி ஒட்டினால் சில இடம் பிடிக்கும், சில இடம் பிடிக்காது. கடையில் வழவழவென்று இருக்கும் காலர் இரண்டாம் சலவையில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். துணியை முன்பே கழுவிச் சுருக்காமல் தைத்திருந்தாலும் இதே கதை: மேல்துணி சுருங்கும், கேன்வாஸ் சுருங்காது. ஒட்டுவதற்குப் பிரஸ் இல்லையென்றால், தைத்துச் சேர்க்கும் சாதா கேன்வாஸ் கேட்பது நல்லது. கொஞ்சம் தடிப்பாக இருக்கும், ஆனால் வருடக்கணக்கில் நிற்கும்.

சாயத்துக்கு ஒரு வெள்ளைக் கைக்குட்டை போதும். நனைத்துப் பிழிந்து, உள்பக்க ஓரத்தில் பத்து முறை தேயுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை, ஈரத்தில்தான் சாயம் அதிகம் விடும். இண்டிகோ எப்படியும் விடும், அதன் இயல்பு அது. அடர் சிவப்பும் கறுப்பும் கைக்குட்டையில் நன்றாகப் பதிந்தால், சாயம் ஏற்றியபின் சரியாக அலசவில்லை என்று பொருள்.

போட்டுப் பார்க்க முடிந்தால் முதலில் கையைத் தூக்குங்கள். அக்குள் தாராளமாக இருந்தால்தான் கை அசையும் என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. அக்குள் வெட்டு கீழே இறங்க இறங்க, கையோடு சேர்ந்து பக்கத்தையல் மொத்தமும் மேலே ஏறும். சட்டை இடுப்பை விட்டு வெளியே வந்துவிடும். வெட்டு உங்கள் அக்குளுக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே நின்றால் கை மட்டும் எழும், உடம்புப் பகுதி அசையாது. ஆயத்த உடையில் இதைத் தாழ்த்தி வைப்பதற்குக் காரணம், ஒரே வெட்டு பல உடம்புகளுக்கு நுழைய வேண்டும் என்பது. சொந்தமாகப் பேட்டர்ன் போடத் தெரிந்த டிசைனரை இந்த ஓர் இடத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம்.

இனி ஸ்டுடியோ. சரியாக நடந்தால் வேலை இப்படிப் போகும்: முதல் நாள் பேச்சும் பதினைந்து இருபது அளவுகளும், பிறகு காடாத் துணியில் ஒரு மாதிரி, அதைப் போட்டுப் பார்த்துத் திருத்தம், அதன்பின் உண்மைத் துணியில் வெட்டு, இன்னொரு ட்ரையல், கடைசியில் காஜா, பட்டன், ஹெம்மிங். ஆறு வாரம் நியாயமான காலம். மாதிரியே தைக்காமல் நேரே நல்ல துணியில் கத்தரி வைப்பவர் என்றால், உங்களுக்குக் கிடைப்பது அளவு திருத்திய ஆயத்த உடை. அதற்கு ஸ்டுடியோ விலை கொடுக்கத் தேவையில்லை.

அளவெடுக்கப் போகும்போது, அந்த உடையோடு போடப்போகும் உள்ளாடையையும் செருப்பையுமே போட்டுக்கொண்டு போங்கள். செருப்பின் உயரம் இரண்டு செ.மீ. மாறினாலும் பேன்ட்டின் அடி ஓரம் விழும் இடம் மாறும். மாதிரியைப் போட்டுக் கண்ணாடி முன் விறைப்பாக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. உட்காருங்கள், குனிந்து செருப்பு வாரைத் தொடுங்கள், இரு கையையும் முன்னே நீட்டுங்கள், முதுகுப் பக்கம் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். குறுக்காக ஓடும் சுருக்கம் இறுக்கத்தைக் காட்டும், நெட்டாகத் தொங்கும் மடிப்பு லூஸைக் காட்டும், சாய்வாக ஓடும் கோடு சிக்கல் இருக்கும் இடத்தை நோக்கிப் போகும். பின்கழுத்துக்குக் கீழே படுக்கையாக ஒரு மடிப்பு விழுந்தால் உங்கள் தோள் பேட்டர்னைவிட நேராக இருக்கிறது. தோள் தையலைத் திருத்தினால் போய்விடும். இதை டிசைனர் தானாகச் சொல்லிக் குண்டூசி குத்தினால் நல்ல கையில் இருக்கிறீர்கள். “இஸ்திரி போட்டால் சரியாகிவிடும்” என்றால் நம்ப வேண்டாம்.

மாதிரியில் பொருத்தமாக இருந்தது உண்மைத் துணியில் தொளதொளத்துப் போவதும் உண்டு. மாதிரி விறைப்பான காடாவில், உடை வழியும் விஸ்கோஸில் என்றால் அப்படித்தான் ஆகும். ஏறத்தாழ அதே கனம், அதே வழிதல் உள்ள மலிவுத் துணியில் மாதிரி கேளுங்கள். கிராஸ் வெட்டு, அதாவது துணியைச் சாய்வாக வைத்து வெட்டுவது என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1912இல் பாரிஸில் தன் ஸ்டுடியோவைத் திறந்த பிரெஞ்சு டிசைனர் மதலேன் வியோனே, சிறு மரப்பொம்மையின் மேல் துணியைப் போர்த்திப் பார்த்தே இந்த வெட்டைத் தேர்ச்சியாக்கினார். இப்படி வெட்டும்போது துணி உடம்போடு ஒட்டி வழியும், தன் எடையிலேயே நீளவும் செய்யும். வெட்டியதை ஒரு நாளாவது தொங்கவிட்டு, நீண்டது நீண்டபின் அடி ஓரத்தைச் சமன் செய்து மடிக்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டால் ஒரு மாதத்தில் ஸ்கர்ட்டின் ஓரம் ஏறியும் இறங்கியும் நிற்கும்.

சிறு ஸ்டுடியோக்களின் மிகப் பெரிய குறை தேதி. வெட்டுபவர் ஒருவர், தைப்பவர் ஒருவர் அல்லது இருவர். ஒருவர் விடுப்பில் போனால் எல்லா ஆர்டரும் நிற்கும். குறித்த நாளில் போட வேண்டிய உடை என்றால் இரண்டு வாரம் முன்தேதி சொல்லுங்கள். இன்னொரு குறை துணி. பலர் ஆலைகளில் மிஞ்சிய ரோலை வாங்குகிறார்கள். நல்ல துணி கிடைக்கும், ஆனால் ரோல் தீர்ந்தால் தீர்ந்ததுதான். பின்னாளில் அதே துணியில் இன்னொன்று கேட்க முடியாது. அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே மீதித் துணியில் அரை மீட்டரையும் இரண்டு பட்டனையும் கேட்டு வாங்கி வையுங்கள். முழங்கை கிழிந்தாலும் பாக்கெட் பிய்ந்தாலும் அதுதான் கைகொடுக்கும்.

பணம் கொடுக்கும் முன் நான்கு வரி எழுத்தில் இருக்கட்டும்: எத்தனை ட்ரையல், எந்தத் தேதி, எத்தனை நாளுக்குள் இலவச ஆல்டரேஷன், பேட்டர்னை வைத்திருப்பார்களா. பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பது நியாயம், துணி வாங்க வேண்டும். முழுப் பணமும் முன்பே கேட்டால் மாதிரி ட்ரையல் வரை பொறுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். துணியைக் கழுவிச் சுருக்கியபின் வெட்டுவார்களா என்றும் கேளுங்கள். பருத்தி 4 சதவீதம் சுருங்கினால் 70 செ.மீ. சட்டை முதல் சலவையில் 3 செ.மீ. அளவுக்கு மேலே ஏறும். இடுப்பெலும்பில் முடிய வேண்டியது அதற்கு மேலே நின்றுவிடும்.

உடை கைக்கு வந்ததும் கழுவுவதற்கு முன் ஒருமுறை அளந்து, லேபிளில் உள்ளபடி தனியாகக் கழுவி, உலர்ந்தபின் மறுபடி அளங்கள். ஆல்டரேஷன் கெடு முடிவதற்குள் இதைச் செய்தால் காலர் கொப்புளம், நீளக் குறைவு, விலகிய தையல் எல்லாம் அவர்கள் பொறுப்பிலேயே சரியாகும். முதல் உடை சரியாக அமைந்தால் அடுத்ததை அதே பேட்டர்னில், வேறு துணியில் கேளுங்கள். மாதிரி தைக்கும் வேலை இல்லாததால் காலம் பாதியாகும், கூலியையும் குறைத்துப் பேசலாம்.