பழைய டஸ்டர் ஆல் வீல் டிரைவ் வாங்கலாமா?

ரெனால்ட் டஸ்டரின் 110 பிஎஸ் டீசல் ஆல் வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் மாடல், 2014-இல் வந்தது. 2020-இல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசலோடு அதுவும் நின்றுபோனது. இன்று இந்த மாடலில் சந்தையில் கிடைப்பதெல்லாம் வயதான வண்டிகள்தான். நல்லதாக அமைந்தால் இந்த விலைக்கு இதைப் போன்ற குடும்ப வண்டி வேறு இல்லை.

முதல் காரணம் பின் சஸ்பென்ஷன். முன்சக்கரத்துக்கு மட்டும் விசை போகும் முன்வீல் டிரைவ் டஸ்டரில் பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம்; ஆல் வீல் டிரைவில் இரண்டு பின்சக்கரமும் தனித்தனியாக இயங்கும். குண்டும் குழியுமான சாலையில் பின்சீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கு அலுப்பே தெரியாது. இதற்காகவே வாங்கலாம் என்பேன். டிக்கி மட்டும் 475 லிட்டரிலிருந்து 410 ஆகக் குறைகிறது. ஸ்டெப்னி டிக்கியின் தரைக்கு அடியில் வந்துவிடுவதுதான் காரணம்.

முதல் கியர் மிகக் குட்டை: இழுவை அதிகம், வேகம் குறைவு. சமதளத்தில் இரண்டாவதிலேயே கிளம்பலாம். 1,800 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போ தூங்கும், கிளட்ச் கனம். சென்னை நெரிசலில் தினமும் ஓட்டுபவருக்கு இடது கால் வலிக்கும்.

பார்க்கப் போகும்போது முதலில் இன்ஜினுக்குள் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கேளுங்கள். 80,000 கி.மீ. தாண்டியும் மாற்றிய பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது.

அடுத்து டயர். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னால் புது டயர், பின்னால் வழுக்கை என்றால் சுற்றளவு மாறும். முன், பின் சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டும் லாக் மோடில் போட்டால், அந்த வித்தியாசம் முழுவதும் பின் ஆக்ஸிலுக்கு முன்னால் இருந்து பின்சக்கரத்துக்கு விசையை இணைக்கும் மின்காந்தக் கப்ளிங்கின் தலையில் விழும். அது சூடேறித் தேயும். அப்படி ஓடிய வண்டியில் கப்ளிங்கைச் சந்தேகித்தே ஆக வேண்டும்.

கப்ளிங்கைச் சோதிக்க மண் மேடு போதும். டிரைவ் மோடு மாற்றும் குமிழை லாக்கில் வைத்து, முதல் கியரில் ஏற்றச் சொல்லிவிட்டு வெளியே நின்று பாருங்கள். முன்சக்கரம் வழுக்கும் அதே நொடியில் பின்சக்கரமும் மண்ணைத் தள்ள வேண்டும். முன்சக்கரம் மட்டும் சுழன்றாலோ, மீட்டரில் 4டபிள்யூடி (நான்கு சக்கர விசை) விளக்கு சிமிட்டினாலோ பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள். பிறகு லிஃப்டில் ஏற்றி, பின் டிஃப்பரன்ஷியலில் எண்ணெய்க் கசிவு, சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையில் (பூட்) கிழிசல், முன்னாலிருந்து பின்னால் விசை கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் நடு பேரிங்கில் ஆட்டம் ஆகியவற்றைப் பாருங்கள். பூட் கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருந்தால் உள்ளே மணல் போயிருக்கும். ஜாயின்ட்டின் ஆயுள் கொஞ்சம்தான்.

இன்ஜினை அணைக்கும்போது கடகடவென்று சத்தம் கேட்டால், கிளட்ச்சுக்கு முன்னால் இன்ஜின் அதிர்வை அடக்கும் ட்யூயல் மாஸ் ஃப்ளைவீல் பழுதாகிறது என்று பொருள். கிளட்ச் செட்டோடு சேர்த்தால் அது பெரிய செலவு. விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் தார்ச்சாலைக்கு மட்டும் போகிறவருக்கு முன்வீல் டிரைவே போதும். வால்பாறைப் பக்கம் எஸ்டேட் மண்பாதையில் மழைக்காலத்திலும் ஏறி இறங்குகிறவருக்கு ஆல் வீல் டிரைவ் தேவை. பிரேக் டவுன் ஆனால் முன்சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்க விடாதீர்கள். நான்கு சக்கரமும் மேலேறும் ஃப்ளாட் பெட்தான் வர வேண்டும்.

டெல்லிப் பதிவு வண்டி மலிவாகத் தெரியும். அங்கே பத்து வயது தாண்டிய டீசலுக்கு இருந்துவந்த கெடுபிடிதான் அந்த மலிவுக்குக் காரணம். வேறு மாநிலத்தில் பதிய டெல்லி ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று (என்ஓசி) கையில் வந்து, இங்கே மறுபதிவுக்கான சாலை வரியை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.