வேலூரில் அலுவலக வைஃபை: மெஷ் வாங்கலாமா, கேபிள் இழுக்கலாமா?

லாங் பஜார் பக்கம் பழைய கட்டடத்தின் மாடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். இருபது பேர். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய சுவர், ஒன்றரை அடி தடிமன். ரூட்டர் வாசல் அறையில் இருக்கிறது. இரண்டு சுவர் தாண்டினால் சிக்னலே நிற்காது. நாலு ஆன்டெனா வைத்த பெரிய ரூட்டர் வாங்கியும் பார்த்துவிட்டார்கள். ரூட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் போன் திருப்பிப் பேசுவது அங்கே எட்ட வேண்டுமே!

சரி, மெஷ் போடலாமா? அதாவது ரூட்டரின் சிக்னலை வாங்கி அடுத்த அறைக்குக் கொடுக்கும் பெட்டிகளை ஆங்காங்கே வைக்கலாமா? சுவரைத் தொட வேண்டாம், ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். ராணிப்பேட்டை சிப்காட்டில் நடுவே தடுப்பில்லாத ஹால் என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் இரண்டாவது பெட்டி காற்று வழியாக வாங்கி, காற்று வழியாகவே கொடுக்கிறது. இரண்டுக்கும் ஒரே ரேடியோ என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மூன்றாவது பெட்டியில் இன்னும் குறையும். பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ உள்ள ட்ரை பேண்ட் பெட்டி தேவலை. அதுவும் அந்த ஒன்றரை அடிச் சுவரைத்தானே தாண்ட வேண்டும்? வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அங்கே திணறிவிடும். 2.4-க்கு இறங்கினால் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். பஜாரில் அந்த மூன்றிலும் அக்கம்பக்கத்துக் கடைகள் உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு வழி, அறைகளுக்குக் கேபிள் இழுத்து, அதன் முனையில் வைஃபை கொடுக்கும் ஆக்சஸ் பாயிண்ட் என்ற பெட்டியை மாட்டுவது. கேபிளுக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. கேட் 6 ரக நெட்வொர்க் கேபிளில் 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் குறையாமல் போகும். நான் கேபிள் பக்கம் நிற்பதற்கு இன்னொரு காரணம் கரண்ட். ரூட்டரின் இணைப்பைப் பல கேபிளாகப் பிரித்துக் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்ச் வைத்தால் அதே கேபிளிலேயே ஆக்சஸ் பாயிண்டுக்கு மின்சாரமும் போகிறது. கரண்ட் போனாலும் ரூட்டருக்கும் ஸ்விட்சுக்கும் ஒரு யுபிஎஸ் இருந்தால் போதும், எல்லா அறையிலும் நெட் ஓடும். மெஷ்ஷில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக பேக்கப் வேண்டும்.

கேபிள் வாங்கும்போது மட்டும் கவனம். ஒருமுறை விலை குறைவென்று ஒரு சுருள் வாங்கிப் போட்டேன். கடைசி அறை ஆக்சஸ் பாயிண்ட் மதியமானால் அணைந்து அணைந்து எரிந்தது. கம்பியின் நுனியை பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. மேலே வெறும் பூச்சு. அப்புறம் மொத்தத்தையும் உருவி முழுச் செம்பு போட்டேன். இப்போது கடையிலேயே சுரண்டிப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

வாடகைக் கட்டடம், ஓனர் துளை போட விடமாட்டார் என்றால் மெஷ்தான் வழி. அப்போதும் பெட்டிகளை வாசல் நேராக, ஒன்றுக்கொன்று கண்ணில் படும்படி வையுங்கள். ஜன்னல் வழியே ஒரே ஒரு கேபிளாவது கொண்டுபோக முடிந்தால் மெஷ் பெட்டிகளையே அதில் இணைத்துவிடலாம். வேகம் பாதியாகிற தொல்லை அதோடு போய்விடும்.

ஆடிட்டர் அலுவலகத்துக்கு மூன்று ஆக்சஸ் பாயிண்ட், ஒரு 8 போர்ட் பிஓஇ ஸ்விட்ச் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். துளை போடுவது ஞாயிற்றுக்கிழமை. காரைத்தூள் அலமாரி முழுக்க இறங்கும், சனிக்கிழமை மாலையே ஃபைல்களைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடச் சொல்லியிருக்கிறேன்.