வேளச்சேரி மெயின் ரோடு புளூ கிராஸ்: தெரு நாயைத் தெருவுக்கே திருப்பித் தரும் இடம்

சென்னை கிண்டியில் இருக்கும் புளூ கிராஸ் விலங்குக் காப்பகத்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். ஏனென்று சொல்கிறேன். காப்பகம் என்றாலே தெரு நாய்களை அள்ளிக்கொண்டு போய் ஆயுசுக்கும் அடைத்துவைக்கும் இடம் என்றுதான் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். இது ஆரம்பித்ததே வேறு காரணத்துக்காக.

1959இல் தி.நகரில் மழைத் தண்ணீரில் தத்தளித்த இரண்டு குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் தூக்கிக்கொண்டு வந்ததில் தொடங்கியது கதை. அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி. 1964இல் சங்கமாகப் பதிவு செய்தார்கள். அந்தக் காலத்தில் மாநகராட்சி வண்டி பிடித்துக்கொண்டு போகும் நாய்களை மின்சாரம் வைத்துக் கொன்றுவிடும். கொல்லக் கொல்ல நாய் குறையவில்லை. கருத்தடை செய்யுங்கள், வெறிநோய் ஊசி போடுங்கள், பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று இவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிப் பார்த்தார்கள். 1996இல்தான் மாநகராட்சி இறங்கி வந்தது. 2001இல் அதுவே நாடு முழுமைக்கும் விதியானது.

மடிப்பாக்கத்தில் என் மளிகைக்கடை ஷட்டருக்கு அடியில் படுக்கும் தெரு நாய் செவலை, ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி போடும். பாதி வண்டியில் அடிபட்டே போய்விடும். அந்தக் கொடுமை பார்க்கச் சகிக்காமல், ஆட்டோவில் அரிசிச் சாக்கை விரித்து அதை அங்கே கூட்டிப்போனேன். ஆபரேஷன் முடிந்து, தையல் ஆறி, இடது காது நுனியில் சின்ன வெட்டோடு திரும்பி வந்தது. கருத்தடை ஆன நாய் என்பதற்கு அந்த வெட்டுதான் அடையாளம். இப்போது எங்கள் தெருவுக்குப் புதுநாய் எதையும் செவலை அண்டவிடுவதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால், குப்பைத்தொட்டிச் சோற்றுக்கு நாலு புதுநாய் வந்திருக்கும், ஊசி போடாத நாய்களாக.

சரி, உள்ளே எப்படி? குரைப்புச் சத்தம் காதைப் பிளக்கும், மருந்து வாடை அடிக்கும், அடிபட்ட உயிர்கள் வரும் இடத்தில் வேறெப்படி இருக்கும்? பின்னங்கால் இரண்டும் செயலிழந்த ஒரு கறுப்பு நாய், சோற்று வாளிச் சத்தம் கேட்டதும் முன்னங்காலாலேயே தேய்த்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றது. வாளி கொண்டுவந்த அம்மா "இருடா ராஜா, உனக்குத்தான் முதல்ல" என்று அதன் தட்டில்தான் முதலில் போட்டார். தெருவில் பிழைக்க முடியாத இந்த மாதிரி உயிர்களுக்குத்தான் அங்கே நிரந்தர இடம் வேண்டும். ஆசைக்கு லேப்ரடார் வாங்கி, வயதானதும் காப்பகத்து வாசலில் கட்டிவிட்டுப் போகிறவர்களால் அந்த இடமும் சுருங்கிப்போகிறது. எனக்கு ஆறாத கோபம் இது.

குட்டி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கடையில் காசு கொடுத்து வாங்காமல் இங்கே வாருங்கள். நாட்டுக் குட்டிகள் நம் ஊர் வெயிலைத் தாங்கும், அறிவும் அதிகம். நேரத்தை போனில் கேட்டுக்கொண்டு போங்கள். பழைய பெட்ஷீட் இருந்தால், தேவைப்படுமா என்று அப்படியே கேட்டுவிடுங்கள்.