டிசைன் டோக்கன் ஆட்டோமேஷன்: முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் இருக்கும் டிசைன் டோக்கன்களை, அதாவது நிறம், அளவு போன்றவற்றுக்குப் பெயரிட்டு வைத்த மதிப்புகளை, நேரடியாக உங்கள் கோட்பேஸுக்குக் கொண்டுவருகிறோம், டிசைனர் ஒரு நிறத்தை மாற்றினால் அடுத்த பில்டில் ஆப்பிலும் மாறிவிடும் என்று சொல்லி ஓர் ஏஜென்சி எங்களிடம் வேலை வாங்கியது. அவர்கள் ஃபைலில் காட்டிய டெமோவில் அப்படித்தான் நடந்தது. பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

டோக்கன்களின் பட்டியலாக வந்த ஜேசன் கோப்பைத் திறந்ததுமே வயிறு எரிந்தது. எங்கள் டிசைனர் பொறுமையாக அடுக்கியிருந்தார்: 'பிராண்ட் பச்சை' என்று ஓர் அடிப்படை வேரியபிள் (டோக்கனை ஃபிக்மா இப்படித்தான் அழைக்கும்), பட்டன் பின்னணி, லிங்க், ஃபோகஸ் பார்டர் எல்லாம் அதைச் சுட்டும். கோப்பில் அந்தச் சுட்டல் ஒன்றுகூட இல்லை. மூன்றிலும் #006633 என்று வெறும் எண். டார்க் மோடும் காணோம், முதல் மோடை மட்டும் எடுத்திருந்தார்கள். ஃபிக்மா ஒரு நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம், கூடவே ஒளிபுகும் அளவு என 0 முதல் 1 வரையான தசமங்களாகத் தரும். இவர்கள் நான்காவதைக் கோப்பில் சேர்க்கவே இல்லை. பாப்அப் திறந்தால் பின்னால் மங்கலாகத் தெரிய வேண்டிய பக்கம் முழுக் கறுப்பாகிவிட்டது.

இதையெல்லாம்கூடத் திருத்திக்கொள்ளலாம். அடுத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. டிசைனர் பச்சையை மாற்றினார், ஆப்பில் ஒன்றும் மாறவில்லை. தோண்டிப் பார்த்தால், எங்கள் ஃபைலின் நகலைத் தங்களுடைய எண்டர்பிரைஸ் கணக்கில் வைத்து அதிலிருந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் வேரியபிள்களைப் படிக்க உதவும் ரெஸ்ட் ஏபிஐ ஃபிக்மாவின் எண்டர்பிரைஸ் திட்டத்துக்கு மட்டும்தான் உண்டு. நாங்கள் இருப்பது புரொஃபஷனலில். எங்கள் ஃபைலைக் கொடுத்து ஓட்டினால் 403 பிழை, அதாவது அனுமதி மறுப்பு. தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள். கேட்டதற்கு, "பிளானை அப்கிரேட் செய்துகொள்ளுங்கள், அது எங்கள் ஸ்கோப்பில் வராது" என்றார்கள். முன்பணம் திரும்பி வரவில்லை.

கொடுமை என்னவென்றால், இந்த வேலைக்கு எண்டர்பிரைஸே தேவையில்லை. ஃபிக்மாவுக்குள் ஓடும் பிளகின் எந்தத் திட்டத்திலும் வேரியபிள்களைப் படிக்கும், எல்லா மோடுகளோடும் சுட்டல்களோடும். எங்கள் டீமில் ஒருவரே அப்படி ஒரு சின்ன பிளகின் எழுதி, வரும் ஜேசனை ஸ்டைல் டிக்‌ஷனரிக்குக் கொடுத்தார். அமேசான் திறமூலமாக வெளியிட்ட கருவி அது. வெப்புக்கான சிஎஸ்எஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் என மூன்றுக்கும் கோப்பு தரும். அதில் அவுட்புட் ரெஃபரன்சஸ் என்ற அமைப்பை இயக்கினால் சிஎஸ்எஸ்ஸிலும் சுட்டல் அப்படியே நிற்கும். டிசைனர் பிளகினில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

உங்களிடம் யாராவது இப்படி டெமோ காட்ட வந்தால், உங்கள் ஃபைலை உங்கள் கணக்கிலேயே, உங்கள் கண் முன்னால் ஓட்டச் சொல்லுங்கள். ஒரு நிறத்தின் ஒளிபுகும் அளவை 50 சதவீதமாக்கி, டார்க் மோடில் இன்னொன்றை மாற்றி, கோப்பில் என்ன வருகிறது என்று பாருங்கள். அப்புறம், டோக்கன்களை எடுக்கும் ஸ்கிரிப்ட் யாருடைய ரெப்போவில் (கோட் சேமிப்பிடத்தில்) இருக்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முன்பணத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.