ஸ்டிக்கரில் இருக்கிற அப்ரூவல்: ஆறு வருடம் ஒரு பி.எம். 2.5 சாம்பிளருடன்

போன வாரம் திண்டுக்கல்லில் இருந்து பழைய கூட்டாளி கூப்பிட்டான். காற்றுத்தரம் பார்க்கச் சொந்தமாக லேப் ஆரம்பிக்கிறானாம். "மாப்ள, நீ வச்சிருக்கியே அந்த பி.எம். 2.5 சாம்பிளர், அதே மாடலுக்குக் கொட்டேஷன் வந்திருக்கு. விலையும் நல்லாக் குறைச்சிருக்கான். ஈ.பி.ஏ. அப்ரூவ்டுன்னு வேற போட்டிருக்கு. வாங்கிரலாமா?" என்றான்.

ஈ.பி.ஏ. என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு. 'அப்ரூவ்டு' என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சுருக்கென்றது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல நினைத்தது நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன். இதே கொட்டேஷன் வேறு பலருக்கும் போயிருக்கும்.

பி.எம். 2.5 என்பது காற்றில் மிதக்கும், 2.5 மைக்ரான் வரையிலான நுண்தூசி. சாம்பிளர் காற்றை இழுத்து அதை ஃபில்டரில் பிடிக்கும், நாம் எடை போடுவோம். நிமிடத்துக்கு 16.67 லிட்டர் காற்று, 47 மி.மீ. ஃபில்டர், 24 மணி நேர ஓட்டம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை, எனவே விட்டுவிடுகிறேன்.

முதலில் மெஷினுக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். ஆறு வருடமாகத் தூத்துக்குடியில் ஓடுகிறது. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் துறைமுகத்து நிலக்கரி, ஆனி ஆடியில் கச்சான் காற்று அடித்தால் தேரிக்காட்டுச் செம்மண் எல்லாம் காற்றில். இந்த ஊரில் இரும்பு கேட்டே நாலு வருடத்தில் பொத்தல் விழுகிறது. இது மட்டும் திருகாணிகள் துருப்பிடித்ததோடு தப்பித்துக்கொண்டது. நடுராத்திரி கரண்ட் போய் வந்தால் தானாகவே திரும்ப ஓடும். எத்தனை நிமிடம் நின்றது, மொத்தம் எத்தனை கன மீட்டர் இழுத்தது என்று காலையில் சொல்லிவிடும்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் இதன் அமைதி. இதற்கு முன், கொஞ்சம் பெரிய தூசியான பி.எம். 10 எடுக்க ஆர்.டி.எஸ். என்ற பழைய வகைச் சாம்பிளர் மட்டும்தான் வைத்திருந்தேன். அதை யார் வீட்டு மாடியில் வைத்தாலும் மறுநாள் காலை அந்தத் தெருவே நம்மைப் பார்க்கிற பார்வை வேறாக இருக்கும். கார்பன் பிரஷ் தேயத் தேய அது போடும் சத்தம் இருக்கிறதே, பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒருமுறை ராத்திரி பதினொன்றரைக்கு வந்து, "தம்பி, காத்துல எவ்வளவு தூசி இருக்குன்னு நாளைக்குப் பாத்துக்கலாம், இன்னைக்குத் தூங்கவிடுங்க" என்றார். இந்தச் சாம்பிளரை அதே மாடியில் வைத்து மூன்று நாள் கழித்து, "எப்போ ஓட்டப் போறீங்க?" என்று அவரே விசாரித்தார். அது மூன்று நாளாக ஓடிக்கொண்டிருந்தது.

சரி, இப்போது தொல்லைகள். உள்ளே பெரிய துகளைப் பிரித்தெடுக்க இருப்பது விண்ஸ் இம்பாக்டர். ஒரு சின்னக் கிண்ணத்தில் 37 மி.மீ. கண்ணாடி இழை வட்டு, அதன்மேல் ஒரு மில்லி எண்ணெய். வேகமாக வரும் பெரிய துகள் திரும்ப முடியாமல் எண்ணெயில் போய் ஒட்டும், சின்னது வளைந்து ஃபில்டருக்குப் போகும். ஐந்து நாள் ஓட்டத்துக்கு ஒருமுறை கிண்ணத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. கச்சான் காலத்தில் அதை இங்கே செய்து பாருங்கள். மூன்றாம் நாளே கிண்ணத்தின் நடுவில் செம்மண் குங்குமக் குவியல் மாதிரி நிற்கும். அதற்குமேல் வரும் துகள் குவியலில் மோதி எகிறிக் கீழே போகும். பிறகு பி.எம். 2.5 என்று நாம் எடை போடுவதில் பாதி தேரி மண்தான். நான் மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். காற்றைச் சுழற்றிப் பெரிய துகளைப் பிரிக்கும் சைக்ளோன் வைத்த மாடல்களில் இந்தப் பாடு குறைவு. அந்த வகைச் சைக்ளோனை 2006இல் அமெரிக்காவே, மற்ற மெஷின்களை ஒப்பிட வைத்திருக்கும் தன் ஆதார முறையில் சேர்த்துக்கொண்டது. என்னுடையதில் அதைப் பொருத்த இடமில்லை.

எடை அறையைப் பற்றி ஒன்றிரண்டு வரி சொல்லாவிட்டால் என் மனைவி கோபிப்பாள், கரண்ட் பில் கட்டுவது அவள். ஒரு நாளைக்கு இழுப்பது 24 கன மீட்டர். நம் நாட்டின் 24 மணி நேர அளவுகோலான கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருக்கிற நாளில்கூட ஃபில்டரில் சேர்வது 1.44 மில்லிகிராம்தான். ஓர் அரிசியின் எடையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதில் உப்பும் இருக்கிறது, உப்பு ஈரத்தை உறிஞ்சும். எனவே ஃபில்டரை முன்னும் பின்னும் 24 மணி நேரம் 30 முதல் 40 சதவீத ஈரப்பதத்தில் வைத்து எடை போட வேண்டும். கடலோரத்தில் அந்த ஈரப்பதம் வேண்டுமென்றால் ஏ.சி.யும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் ராப்பகலாக ஓட வேண்டும். இது எந்தச் சாம்பிளர் வாங்கினாலும் உள்ள செலவு, இதன்மேல் பழி போட முடியாது.

ஸ்டிக்கர் விஷயத்தில் பழி போடலாம்.

மெஷினின் மூடிமேல் ஒரு நீலநிற ஸ்டிக்கர்: 'யூ.எஸ். ஈ.பி.ஏ. அப்ரூவ்டு'. முதல் இரண்டு வருடம் அதைக் காட்டாத ஆள் இல்லை. வாடிக்கையாளர் வந்தால் மூடியை அவர் பக்கமாகத் திருப்பி வைப்பேன். ரிப்போர்ட்டில் உபகரணம் என்ற கட்டத்திலும் அதையே எழுதினேன். பிறகு தணிக்கைக்கு வந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நம்பர் என்ன தம்பி?" என்று கேட்டார். சீரியல் நம்பரைச் சொன்னேன். "அது இல்ல, அப்ரூவல் நம்பர்" என்றார்.

நிலம் விற்கிறவனிடம் டி.டி.சி.பி. அப்ரூவ்டா என்று கேட்டு, ஆமாம் என்றால் உடனே நம்பர் கேட்கிற ஊர் நம்முடையது. கால் சென்ட் நிலத்துக்குக் கேட்கிற கேள்வியை, லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய மெஷினுக்கு நான் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று ராத்திரியே உட்கார்ந்து பார்த்தேன். ஈ.பி.ஏ. தான் ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு எண் கொடுத்துப் பட்டியலாகவே வெளியிடுகிறது. எண்ணைப் படிப்பது சுலபம். பி.ஜி.ஐ. பி.க்யூ.200 சாம்பிளருக்கு ஆர்.எஃப்.பி.எஸ்.-0498-116. முதல் எழுத்து ஆர் என்றால் ஆதார முறை, 0498 என்றால் 1998 ஏப்ரல், கடைசியில் வருவது வரிசை எண். மெட் ஒன் கம்பெனியின் பாம் 1020 தானியங்கி மெஷினுக்கு ஈ.க்யூ.பி.எம்.-0308-170. 'ஈ' என்றால் ஆதார முறைக்கு இணையானது, 2008 மார்ச். (எங்கள் லேப் பையன் அதைப் 'பாம்பு' என்றுதான் சொல்வான்.) இப்படிப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை மூன்று முறை தேடினேன். என் மெஷின் இல்லை.

டீலருக்குப் போன் போட்டேன். "சார், டிசைன் அப்ரூவ்டு சார்" என்றார். அதாவது, 1997இல் பி.எம். 2.5க்கு அளவுகோல் கொண்டுவந்தபோது அமெரிக்கா தன் சட்டத்தொகுப்பில் விண்ஸ் இம்பாக்டரின் வரைபடத்தை அங்குல அளவோடு அச்சடித்தே போட்டது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைப் பார்த்துச் செய்ததால் அப்ரூவ்டு. சாலை விதிப் புத்தகத்தைப் படித்து அதன்படியே வண்டி ஓட்டுகிறேன், ஆகவே என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது என்கிற மாதிரி. வரைபடப்படி செய்தவரும் மெஷினைச் சோதனைக்கு வைத்து, தொழிற்சாலைக்கு ஐ.எஸ்.ஓ. 9001 சான்று காட்டி, விண்ணப்பித்தால்தான் எண் கிடைக்கும். அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம், இந்தப் பொய்க்கு அவசியமே இல்லை என்பது. நம் நாட்டில் 2009 நவம்பரில் வெளியான காற்றுத்தர அளவுகோலில் பி.எம். 2.5க்கு ஃபில்டரை எடை பார்க்கும் முறை, அதிர்வை வைத்து அளக்கும் டி.ஈ.ஓ.எம்., பீட்டா கதிரை வைத்து அளக்கும் முறை மூன்றும் ஏற்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்க எண் வேண்டும் என்று அதில் இல்லை. மெஷினும் ஒழுங்கானது. ஸ்டிக்கர் கோபத்தில், உண்மையான எண் உள்ள ஒரு சாம்பிளரை வேறொரு லேபில் இருந்து கெஞ்சி வாங்கி, பத்து நாள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினேன். இதை மாட்டிவிட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் ஓட்டினேன். இரண்டு ஃபில்டரும் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே எடை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

அப்புறம், எண் இருந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் நினைக்காதீர்கள். அந்த எண் மாடலுக்கு மட்டுமல்ல. காற்று நுழையும் எந்தத் தலை, துகளைப் பிரிக்கும் எந்தப் பிரிப்பான், காற்றை இழுக்கும் எந்த ஃப்ளோ என்று முழு அமைப்புக்கும் சேர்த்தே கொடுக்கிறார்கள். ஒன்றை மாற்றினால் எண் செல்லாது. போன மாதம் என் மெஷினின் பம்ப் நின்றுவிட்டது. கம்பெனி பம்ப் வர ஆறு வாரம் என்றார்கள். நம்ம ஊர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் டயாஃப்ரத்தை மாற்றி மறுநாளே ஓடவிட்டார். ஃப்ளோவைச் சரிபார்த்தேன், நாலு சதவீத வரம்புக்குள் சொக்கமாக நிற்கிறது. பம்ப் ஆகட்டும், பிரிப்பான் ஆகட்டும், என் மெஷினுக்கு எண் இருந்திருந்தால் அந்த ஒரு நாள் வேலைக்கு எத்தனை கடிதம் எழுதியிருக்க வேண்டுமோ. எண் இல்லாததன் ஒரே சுகம் இது.

இன்னொன்றும் சொல்கிறேன். டெலிடைன் டி640 என்று ஒளிச்சிதறலில் ஓடும் தானியங்கி மெஷின். 2016இல் எண் வாங்கியது, அமெரிக்க மாநிலங்கள் பல அதற்கு மாறின. பிறகு பார்த்தால், எடை பார்க்கும் ஆதார முறையைவிட அது கூடுதலாகக் காட்டுகிறது. மென்பொருளில் திருத்தம் கொண்டுவந்து, ஈ.பி.ஏ. ஏற்று, 2024இல் பழைய தரவையும் சேர்த்தே திருத்தினார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் ஆண்டுச் சராசரி வரம்பை 12இல் இருந்து 9 மைக்ரோகிராமாகக் குறைத்திருந்தார்கள். ஒன்றிரண்டு மைக்ரோகிராமில் ஒரு மாவட்டமே தேறுவதும் தவறுவதுமான கணக்கு. ஆக, அப்ரூவல் உள்ள மெஷினும் தப்பலாம். ஆனால் எண்ணும் பட்டியலும் இருந்ததால்தான் எந்த மெஷின் தப்பியது, எந்தத் தரவைத் திருத்துவது என்று அவர்களால் கை வைத்துச் சொல்ல முடிந்தது. என் ஸ்டிக்கரை வைத்து யார் எதைத் திருத்துவது?

இப்படித் தானியங்கி மெஷின்களை அவர்கள் கள ஆய்வு செய்யும் இடங்களையும் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒன்று, டென்வர் மாதிரி மேற்கு நகரம் ஒன்று, நடுமேற்கில் ஒன்று, வடகிழக்கில் ஒன்று. தேரிக்காடும் உப்பளமும் அதில் இல்லை. எனவே 2019இல் நம் சுற்றுச்சூழல் அமைச்சகம் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தை இந்த உபகரணங்களுக்குச் சான்று கொடுக்கும் அமைப்பாக அறிவித்தபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். நம் வெயிலில், நம் தூசியில் சோதித்த மெஷினுக்கு நம் ஊர்க்காரர்களே கொடுக்கும் எண். அது இருக்கும் மெஷின் கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அதை வாங்கு என்பதுதான் திண்டுக்கல்காரனுக்கு என் முதல் யோசனை.

கைக்கடக்கமான சென்சாரைக் கொண்டுவந்து, "இதுல வேற நம்பர் காட்டுதே" என்று சண்டைக்கு வரும் வாடிக்கையாளர்கள் தனிக்கதை. தென்கொரியாவில் 2019 ஆகஸ்டில் இருந்து அந்த மாதிரிச் சின்னக் கருவிகளுக்கும் அரசே முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று சான்று கொடுக்கிறது. நீ மூன்றாம் தரம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது எவ்வளவு நாகரிகம்!

சரி, தீர்ப்பு. உழைப்புக்கு ஐந்துக்கு ஐந்து. அமைதிக்கு ஐந்துக்கு ஆறு கொடுக்கலாம். இம்பாக்டர் கிண்ணத்துக்கு மூன்று. ரிப்பேர் செய்யும் வசதிக்கு நான்கரை. கூட்டிப் பார்த்தால் தாராளமாக வாங்கலாம் என்றுதான் வரும். ஆனால் மாப்ள, வாங்காதே. ஆறு வருடம் நல்லபடியாக உழைத்த மெஷினைப் பற்றி இப்படிச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. இரண்டு வருட ரிப்போர்ட்டுகளை எடுத்து, அந்த ஒரு கட்டத்தைத் திருத்தி, நாற்பத்துச் சொச்சம் வாடிக்கையாளருக்கு விளக்கக் கடிதத்தோடு அனுப்பியது நான். அவர்களில் ஒருவர் திரும்பக் கூப்பிட்டு, "அப்போ உள்ள இருக்குற நம்பரும் பொய்தானா?" என்று கேட்டார். இல்லை, அது உண்மை என்று புரியவைக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

ஸ்டிக்கரை மண்ணெண்ணெய் போட்டு உரித்துவிட்டேன். பசை முழுதாகப் போகவில்லை. இந்தக் கச்சானில் அந்த நீள்சதுரத்தில் மட்டும் செம்மண் பிடித்து, தூரத்தில் இருந்தே தெரிகிறது.

நேற்று டீலர் வாட்ஸ்அப்பில் புதிய விலைப்பட்டியல் அனுப்பினார். அதே மெஷின், அதே நீல ஸ்டிக்கர், பக்கத்தில் புதிதாகப் பச்சை நிறத்தில் இன்னொரு 'அப்ரூவ்டு'. "நம்பர் ப்ளீஸ்" என்று போட்டேன். காலையில் இருந்து இரண்டு நீல டிக் நிற்கிறது.