மறுக்கப்பட்ட இரண்டு டாலர்: டேல் கார்னகி வகுப்பும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகமும்

மேடைக் கூச்சத்தைப் போக்கிக்கொள்ள எங்கே சேரலாம் என்று கேட்பவருக்கு, இன்று பல நாட்டுப் பெருநகரங்களில் இரண்டு பெயர்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று கட்டணம் பெற்றுப் பயிற்சி அளிக்கும் டேல் கார்னகி நிறுவனம். மற்றது உறுப்பினர்கள் தாமே நடத்திக்கொள்ளும் டோஸ்ட்மாஸ்டர்ஸ். இரண்டுமே அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் கட்டடங்களில் முளைத்தவை. பின்னர் அவை இவ்வளவு வேறுபட்டு வளர்ந்ததற்குக் காரணம் கற்பிக்கும் முறை மட்டுமன்று. தொடக்கத்தில் ஆசிரியருக்குக் கூலி எவ்வாறு கிடைத்தது என்பதே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

மிசௌரி மாநிலத்து விவசாயக் குடும்பத்தில் 1888இல் பிறந்த கார்னகி, ஆர்மர் நிறுவனத்துக்காகப் பன்றி இறைச்சியும் சோப்பும் விற்றவர்; நடிகராகும் கனவோடு நியூயார்க்குக்கு வந்து அதில் தோற்றவர். 1912இல் அந்நகரின் 125ஆம் தெரு ஒய்.எம்.சி.ஏ.வில் மாலை வகுப்பு எடுக்க அவர் கேட்ட சம்பளம் ஓர் இரவுக்கு இரண்டு டாலர். அந்தத் தொகையை உறுதியாகத் தர நிர்வாகம் மறுத்ததால், வரும் கட்டணத்தில் பங்கு பெற்றுக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டார். ஆள் சேர்ந்தால்தான் சோறு என்ற நிலையில், மாணவர் வகுப்பை விட்டு ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது அவருக்குப் பிழைப்பாயிற்று. முதல் வகுப்பில் தயாரித்து வந்த பாடம் தீர்ந்துபோனபோது, மாணவர்களையே எழுப்பித் தம்மைப் பற்றிப் பேசச் சொன்னார். அந்தத் தற்செயலே பின்னர் அவருடைய முறையாயிற்று. சில ஆண்டுகளிலேயே, மறுக்கப்பட்ட இரண்டு டாலரின் இடத்தில் ஓர் இரவுக்கு முப்பது டாலர் வரத் தொடங்கியது.

டோஸ்ட்மாஸ்டர்ஸைத் தொடங்கிய ரால்ஃப் ஸ்மெட்லியோ ஒய்.எம்.சி.ஏ.வின் சம்பளக்காரர். 1905இல் இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டனில் அவர் அமைத்த முதல் கழகமும், மாற்றலாகிச் சென்ற ஊர்களில் அமைத்தவையும் நிலைக்கவில்லை. அவர் ஊரை விட்டுப் போனால் கழகமும் படுத்துவிடும். 1924 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் கூடிய கழகம்தான் வேர் பிடித்தது. சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்ததால், அறிவை விற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. தாம் இல்லாதபோதும் கழகம் நடக்க வழி வேண்டியிருந்தது. அச்சிட்ட கையேடும், முறை வைத்து மாறும் பொறுப்புகளும் அந்த வழியாயின. 1932இல் அது இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு பெற்றது.

பயிற்சிக் கூடத்துக்குள் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். கார்னகி வகுப்பில் ஒவ்வொருவரும் பெரும்பாலும் இரண்டு நிமிடம் போலப் பேசுவார். பயிற்றுநர் குறை சொல்லாமல் நல்லதை எடுத்துக் காட்டுவார். 1950களின் தொடக்கத்தில் நூறு டாலர் கட்டி இதில் சேர்ந்த முதலீட்டாளர் வாரன் பஃபெட், கல்லூரிப் பட்டங்களை விட்டுவிட்டு இந்தச் சான்றிதழையே அலுவலகச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். கற்றதைத் துணிந்து பயன்படுத்தியவருக்கு வகுப்பில் ஒரு பென்சில் பரிசு. தம் வருங்கால மனைவியிடம் திருமணப் பேச்சை எடுத்த வாரத்தில் அந்தப் பென்சில் பஃபெட்டுக்குக் கிடைத்ததாம்! டோஸ்ட்மாஸ்டர்ஸில் இத்தகைய சீராட்டு குறைவு. ஐந்து முதல் ஏழு நிமிட உரைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளங்களால் நேரம் காட்டுவார்கள். 'ஆ', 'உம்' என்று இழுப்பதை ஒருவர் எண்ணுவார். மற்றொருவர் எழுந்து குறை நிறைகளை முகத்துக்கு நேரே சொல்வார். அவரும் கற்றுக்கொண்டிருப்பவரே என்பதுதான் இதன் பெரிய பலவீனம்: நல்ல கழகத்தில் மதிப்பீடு கூர்மையாக இருக்கும், சோம்பலான கழகத்தில் அது வெறும் பாராட்டுப் பத்திரமாகிவிடும்.

வளர்ச்சியிலும் அதே கதைதான். கார்னகியின் மாணவர்களில் ஒருவரான பதிப்பாளர் லியோன் ஷிம்கின் தூண்டியதால் கார்னகி எழுதி 1936இல் வந்த நூல் கோடிக்கணக்கில் விற்று வகுப்புக்கு விளம்பரமாயிற்று. 1940களில் உரிமம் வழங்கி வெளியூர்களில் கிளைகள் பெருகின. 1955இல் கார்னகி இறந்த பிறகும் மனைவி டாரதி நிறுவனத்தை நடத்தினார். இன்று அது 80க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. டோஸ்ட்மாஸ்டர்ஸ் சுமார் 150 நாடுகளில் பரவியிருந்தாலும், 1973 வரை பெண்களுக்கு அதில் உறுப்பினராக இடமில்லை. அதற்குமுன் ஹெலன் பிளான்சார்ட் என்ற பெண் 'ஹோமர்' என்ற ஆண் பெயரில் பதிந்து சேர்ந்தார். 1985இல் அவரே உலகத் தலைவரானார். 2014இல் கோலாலம்பூரில் நடந்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் உலகப் பேச்சுப் போட்டியில் வென்றவர் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி.

செலவைப் பார்த்தால் ஒப்பீடே இல்லை: 2023 அக்டோபரில் உயர்ந்த பிறகும் டோஸ்ட்மாஸ்டர்ஸின் அடிப்படைக் கட்டணம் ஆறு மாதத்துக்கு 60 டாலர்தான், கார்னகி வகுப்புக்கு அமெரிக்காவில் ஏறக்குறைய 2,000 டாலர். ஆனாலும் நாலு பேர் முன் எழுந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஒருவருக்கு, அலுவலகமே பணம் கட்டுவதானால், முதலில் கார்னகியையே சொல்வேன். தொடக்கத்திலேயே குறையை எண்ணுபவர் எதிரே நின்றால் அந்தக் கூச்சக்காரர் மறுவாரம் வரமாட்டார். அச்சம் விலகிய பின் வாரந்தோறும் ஏறிப் பழக மேடை வேண்டும்; அது வகுப்பு முடிந்ததும் கார்னகியில் கிடைக்காது, கழகத்தில் கிடைக்கும். ஏற்கெனவே தயங்காமல் பேசுபவர் நேரே கழகத்துக்குப் போகலாம், சேர்வதற்கு முன் இரண்டு மூன்று கூட்டங்களுக்கு விருந்தினராகச் சென்று, அங்கே மதிப்பீட்டாளர் எப்படிப் பேசுகிறார் என்று மட்டும் கவனித்தால் போதும்.