கச்சான் மத்தியானத்தில் ஓவர்கிளாக்: 9600கே, 5600எக்ஸ்

திருகோணமலையில் ஓவர்கிளாக் செய்பவர்களுக்கு, அதாவது கம்ப்யூட்டர் புரொசசரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுபவர்களுக்கு, முதலில் ஒன்று சொல்கிறேன்: வாடைக் காலத்தில் சோதித்த செட்டிங்கை நம்பி இருந்துவிடாதீர்கள். மார்கழி இரவில் சிக்கலில்லாமல் ஓடும் வேகம், ஆடி மாதம் கச்சான் (சூடான தென்மேற்குக் காற்று) அடிக்கிற மத்தியானத்தில் நிற்காது. புரொசசர்மேல் பொருத்தும் எந்த டவர் கூலரும் (விசிறி வைத்த உயரமான கூலர்) அறைக் காற்றைவிடக் கீழே சூட்டை இறக்காது. அறை 7 டிகிரி கூடினால் புரொசசரும் ஏறத்தாழ அவ்வளவு கூடும்.

ஏசி இல்லாத என் அறையில் இரண்டு மெஷின்கள் நெடுநாளாக ஓடுகின்றன. ஒன்றில் 2018இல் வந்த இன்டெல் ஐ5-9600கே, மற்றதில் 2020இல் வந்த ஏஎம்டி ரைசன் 5 5600எக்ஸ். கூலர் இரண்டிலும் ஒரே வகை.

9600கே எல்லாக் கோரிலும் (புரொசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) 5 கிகாஹெர்ட்ஸ் ஓட 1.35 வோல்ட் கேட்டது. வாடையில் சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை 80 டிகிரிக்குள் முடிந்தது. கச்சானில் பிரைம்95 என்ற கடும் லோடு சோதனையைப் போட்டால் 100ஐத் தொட்டு, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. 4.7க்கு இறக்கியதும் 1.2 வோல்ட் போதுமாயிற்று. மின்செலவு வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அந்த ஒரு கணக்கிலேயே 1.35 வோல்ட்டுக்குக் கால்பங்குக்கு மேல் கூடுதல் சூடு. வெறும் 6 சதவீத வேகத்துக்கு அது வேண்டாம்.

ரைசன் வேறு மாதிரி. அது தானே பூஸ்ட் ஆகும் (வேகத்தை ஏற்றிக்கொள்ளும்), 4.6 வரை. அதனால் வேகத்தை ஏற்றாமல், கர்வ் ஆப்டிமைசர் என்ற பயோஸ் செட்டிங்கில் வோல்ட்டேஜைக் குறைப்பதுதான் லாபம்; அதில் மைனஸ் எண் பெரிதானால் வோல்ட்டேஜ் இன்னும் குறையும். மைனஸ் 25இல் சினிபெஞ்ச் எத்தனை தரம் போட்டாலும் முடிந்தது. ஆனால் சும்மா பாட்டு ஓடும்போது ரீஸ்டார்ட் ஆனது. முழு லோடில் கோர்கள் உச்ச வேகத்துக்குப் போவதில்லை. லோடு குறைவாக இருக்கும்போதுதான் ஒரு கோர் மட்டும் உச்சத்துக்குத் தாவும், அங்கேதான் வோல்ட்டேஜ் பற்றாமல் போகும். ஆகவே கோர்சைக்ளர் என்ற சோதனைக் கருவியில் ஒவ்வொரு கோராகச் சோதியுங்கள், விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீயா (WHEA) எரர், அதாவது ஹார்ட்வேர் பிழைப் பதிவு, விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிறந்த இரண்டு கோர்களுக்கு மைனஸ் 10, மற்றவற்றுக்கு மைனஸ் 20 என்று வைத்த பிறகு ஒரு எரரும் இல்லை. மின்செலவை 76 வாட் எல்லையைத் தாண்ட விடாததால் கச்சானிலும் 80ஐத் தொடுவதில்லை.

அப்புறம், கடலோர வீடென்றால் ஃபில்டரை அடிக்கடி துடையுங்கள். உப்பு ஈரத்தில் தூசி பசைபோலப் பிடித்துக்கொள்கிறது.

இப்போது வீடியோ ரெண்டர் எல்லாம் ரைசனில்தான். 9600கே 4.7இலேயே இருக்கிறது, பிள்ளைகளின் படிப்புக்கும் கேமுக்கும்.